சின்ன ஜீப் ஒன்று எடுக்கலாமா? செப்ரெம்பர் மாதக் குறிப்புகள்

செப்ரெம்பர் 6, 2025, சனி

விடியக் காலமை கனடாவில் இருந்து அண்ணை எடுத்தார். "டேய், அம்மாவை இன்னும் எவ்வளவு காலத்துக்கு ஓட்டோவிலை வைச்சு உலுப்பப் போறாய்? ஒரு சின்ன ஜீப் எடு. கையிலை கட்டுற காசிலை பாதி நான் தாறன்."

உயரமான கார் எல்லாமே எங்கள் வன்னிப் பக்கத்தில் ஜீப்தான். நாலு சில்லும் இழுக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அண்ணை சொன்னது டொயோட்டா ரைஸ். கொழும்பில் இப்போது கப்பலால் இறங்கி நிற்கும் வண்டிகளில் அதுதான் குடும்பகாரருக்கு ஏற்ற மலிவு ஜீப் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

மலிவு என்ற சொல்லைக் கேட்டு மனிசி சிரித்தே விட்டா. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை இந்த வருடம் பெப்ரவரி 1 முதல் தனியாருக்கும் திறந்துவிட்டார்கள். ஆனால் எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து அறவிடும் வரி, சுங்கவரி, அதற்கு மேல் 18 வீத வற் எல்லாம் ஏறி இங்கே கைக்கு வரும்போது புது ரைஸ் ஒரு கோடியைத் தாண்டி நிற்கிறது. வாகனப் பெறுமதியில் 60 வீதத்துக்கு மேல் லீசிங் கொடுக்கக்கூடாது என்று மத்திய வங்கி ஜூலையில் சொல்லிவிட்டது. அப்படியென்றால் நாற்பது லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைவாசலில் கால் வைக்கலாம். மிச்சத்துக்கு மாதம் ஒன்றேகால் லட்சத்துக்குக் குறையாமல் ஐந்து வருடம். இரண்டு வாத்திமாரின் சம்பளத்தில் புது வண்டிக் கதை தேத்தண்ணி ஆறுமுன் முடிந்தது.

பழசு பார்ப்போம்.

செப்ரெம்பர் 7, ஞாயிறு

இணையத்தில் விளம்பரம் பார்த்தே பகல் போய்விட்டது.

றெனோ க்விட் எங்கள் காசுக்குக் கிட்டவாக நிற்கிறது. முகம் ஜீப் முகம், நிலத்தில் இருந்து 180 மில்லிமீற்றர் உயரம், 800 சீசீ. ஆனால் 2016இல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் போடும் குளோபல் என்கப் அமைப்பு மோதிப் பார்த்தபோது முதல் வந்த வகைகளுக்கு நட்சத்திரமே கிடைக்கவில்லை. சாரதிக்குக் காற்றுப்பை வைத்துப் பலப்படுத்திய பிறகும் ஒன்றுதான் கிடைத்தது. ஏ9 வீதியில் இரவுப் பஸ்களுக்கு எதிரே அதில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக எனக்கு மனமில்லை.

ஹொண்டா வெசல் நல்ல அகலம். 2014ஆம் ஆண்டு வண்டிக்கே எண்பது லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். ஹைபிரிட் பற்றறிக்கு இப்போது பத்து வயது கடந்துவிட்டது. அந்த இரட்டைக் கிளச் கியர்பெட்டிக்காக ஹொண்டாவே ஆரம்பத்தில் திரும்பத் திரும்ப வண்டிகளை அழைத்துத் திருத்தியது. பரந்தனுக்கு இங்காலே அந்தக் கியர்பெட்டியில் கை வைக்கும் கராஜ் எனக்குத் தெரிந்து இல்லை.

வாகன் ஆர் வேண்டுமென்று மகள் நிற்கிறாள். அது நாலு பேருக்கு உரிய வண்டி, ஜப்பானில் அந்த 660 சீசீ வகைக்குச் சட்டமே அப்படி. நாங்கள் ஐந்து பேர். பின்னால் மூன்று பேரை நெருக்கி இருத்திக்கொண்டு ஊரெல்லாம் ஓடுகிறார்கள்தான், ஆனால் மூன்றாவது ஆளுக்குப் பெல்ற் இல்லை.

ஆக ரைஸ், இல்லாவிட்டால் அதன் உடன்பிறப்பு ரொக்கி. இரண்டையும் செய்வது டைஹட்சுதான். ஒரே உடம்பு, ஒரே எஞ்சின், முன்முகமும் பெயர்த்தகடும் மட்டும் வேறு.

செப்ரெம்பர் 13, சனி

வவுனியா போய் ஒரு ரைஸ் ஓடிப் பார்த்தோம். 2019 கடைசியில் செய்த வண்டி, கேட்ட விலை 95 லட்சம். இந்த விலைக்குக் காரணம் வண்டிக்குள்ளே இல்லை, கலண்டரில் இருக்கிறது. ரைஸ் ஜப்பானில் வெளிவந்தது 2019 நவம்பரில். இங்கே கதவு பூட்டியது அடுத்த மார்ச்சில். இடைப்பட்ட நாலைந்து மாதத்தில் இறங்கியவைதான் இப்போது பழசாக விற்பனைக்கு வருகின்றன. அருமைப் பொருளுக்கு அருமை விலை.

ஓட்டம் நல்லாயிருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். 996 சீசீ, மூன்று சிலிண்டர், ரேர்போ, 98 குதிரைவலு. வண்டியின் நிறை ஒரு தொன்னுக்கும் குறைவு. ஓமந்தை தாண்டி ஒரு நெல் லொறியை முந்தும்போது காலை வைத்தவுடன் இழுத்துக்கொண்டு போனது. சிக்னலில் ஏசியோடு நிற்கும்போதுதான் மூன்று சிலிண்டர் தன்னைக் காட்டுகிறது. ஸ்டீயரிங்கில் கை வைத்தால் ஒரு சின்ன நடுக்கம். மனிசிக்கு அது பிடிக்கவில்லை, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

றேடியோ ஜப்பான் அலைவரிசைக்கு. எங்கள் எஃப்.எம். பாதி எடுக்காது, அலைவரிசையை மாற்றித் தரும் எக்ஸ்பாண்டர் போட வேண்டும். முன்கண்ணாடிக்கு மேலே இரட்டைக் கமரா இருக்கிறது. முன்னால் வாகனமோ ஆளோ நின்றால் தானாகப் பிரேக் பிடிக்கும் என்று புரோக்கர் பெருமையாகச் சொன்னார்.

"மாட்டுக்கும் பிடிக்குமோ?" என்று மனிசி கேட்டா.

புரோக்கர் என்னைப் பார்த்தார். இரவில் மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் ரோட்டில் படுத்திருப்பது மாடு. காட்டுக் கரையில் நிற்பது யானை. கமரா செய்தவர்கள் கணக்கில் எடுத்தது காரையும் மனுசரையும்தான்.

விற்பவர் ஒரு சதம் குறைக்க ஆயத்தமில்லை. திரும்பி வந்தோம்.

செப்ரெம்பர் 15, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கிளிநொச்சி ரயர் கடையில் கேட்டேன். ரைஸின் மேல்வகைக்கு 195/60 ஆர் 17.

"மாஸ்ரர், இந்தச் சைஸ் நான் வைச்சிருக்கிறேல்லை. சொன்னால் கொழும்பிலை இருந்து எடுத்துத் தாறன். என்ன விலை வருமெண்டு இப்ப சொல்லேலாது. பதினாலு, பதினைஞ்சு எண்டால் இந்தா, கண்ணுக்கு முன்னாலை கிடக்கு."

வண்டியின் டிக்கி 369 லீற்றர் என்று விளம்பரம். அதன் தட்டைத் தூக்கினால் கீழே கிடக்கும் மாற்றுச் சில்லு மெலிஞ்சது, அவசரத்துக்கு மட்டும். கிறவலில் ஒரு பக்கம் கிழிந்தால் கொழும்புப் பஸ்ஸில் ரயர் வரும்வரை அந்த மெலிஞ்சதில் ஊர்ந்துகொண்டு இருக்க வேண்டியதுதான். கீழ்வகைக்குப் பதினாறு அங்குலம். அதுவும் இங்கே இலேசில் கிடைக்காது, ஆனால் ரயரின் கன்னம் கொஞ்சம் தடிப்பு.

செப்ரெம்பர் 20, சனி

கிளிநொச்சியிலேயே ஒரு ரொக்கி அகப்பட்டது. பதினாறு அங்குலச் சில்லு, 88 லட்சம். பெயர்த்தகடு மாறியதற்கே ஏழு லட்சம் குறைவு! வைத்திருப்பவர் ஒரு உத்தியோகத்தர், நல்ல மனுசன். "வீடுவரைக்கும் கொண்டுபோய்ப் பாருங்கோ, நானும் வாறன்" என்றார்.

முதலில் அம்மாவை ஏற்றிப் பார்த்தோம். அம்மாவுக்கு முழங்கால் மடியாது. ஓட்டோவில் ஒருக்களித்து, கம்பியைப் பிடித்து, இரண்டு பேர் தள்ளித்தான் ஏறுவா. ரொக்கியின் இருக்கை சரியாக அம்மாவின் இடுப்புக்கு வந்தது. பின்பக்கமாகச் சாய்ந்து இருந்தா, காலை உள்ளே எடுத்தா, முடிந்தது. ஒரு கை உதவியும் இல்லை. "தம்பி, இது நல்லாயிருக்கடா" என்றா. விளம்பரக்காரர் சொல்லும் பத்துச் சிறப்பையும் விட எனக்கு இது பெரிது. சின்ன ஜீப்புக்கு நியாயம் ஒன்று இருந்தால் அது இதுதான்.

பிறகு அளக்கிற ரேப் எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்தேன். வெறும் வண்டி, எஞ்சின் காப்புத் தட்டுக்கும் நிலத்துக்கும் இடையில் 185 மில்லிமீற்றர், புத்தகத்தில் உள்ளபடியே. பிறகு எல்லாரும் ஏறி, டிக்கியில் இரண்டு மூட்டை நெல்லும் வைத்து அளந்தால் 160. உரிமைக்காரர் பக்கத்தில் குந்தியிருந்து ரோச் அடித்துப் பிடித்தார். அவரும் இதுவரை அளந்து பார்த்ததில்லையாம்.

விசுவமடுச் சந்தியால் திரும்பி எங்கள் ஒழுங்கையில் விட்டோம். ஏ35 வீதி கண்ணாடி மாதிரி. ஒழுங்கையும் முக்கால்வாசி பரவாயில்லை. வாய்க்கால் மதகுக்குக் கிட்டத்தான் வில்லங்கம். ரக்ரர் ஓடி ஓடி இரண்டு பக்கமும் தடம் தாழ்ந்து, நடுவில் திட்டு எழும்பி நிற்கிறது. அந்த இடத்தில் கீழே சர்ர்ர் என்று ஒரு உரசல். உரிமைக்காரரின் முகம் மாறிவிட்டது. பாவம்.

செப்ரெம்பர் 21, ஞாயிறு

திட்டை அளந்தேன். உச்சத்தில் 17 சென்ரிமீற்றர். ஆட்களோடு 16இல் நிற்கும் வண்டி உரசாமல் என்ன செய்யும்?

மனிசி கொப்பியைத் திறந்தா. கணித வாத்தி, விடமாட்டா. "இஞ்சருங்கோ, ஜீப் எடுத்தாலும் அந்தத் துண்டைத் திருத்தத்தானே வேணும்? திருத்தினால் பிறகு ஜீப் என்னத்துக்கு?"

பதில் இல்லை. மாரி தொடங்க ஒரு மாதம்தான் கிடக்கிறது. 2018 டிசெம்பரில் இரணைமடுக் கதவுகள் திறந்தபோது வந்த வெள்ளத்துக்கு ரொக்கியும் உதவாது, லொறியே நின்றது. முன்சில்லு மட்டும் இழுக்கும் வண்டி அது. உயரத்தைக் கூட்டிய கார், அவ்வளவுதான்.

ஒழுங்கையில் உள்ள வீட்டுக்காரரோடு கதைத்தேன். பெர்மிற் உள்ள ரிப்பர் லொறியில் நாலு லோட் கிறவல், பரவுகூலி, ரோலர் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குள் வருமாம். பங்கு போட்டால் எங்களுக்கு இன்னும் குறைவு. பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செய்யலாம்.

செப்ரெம்பர் 27, சனி

பசோ பார்த்தோம். டொயோட்டா பெயரில் வந்தாலும் இதையும் செய்தது டைஹட்சுதான். ரொக்கியில் உள்ள அதே எஞ்சின் குடும்பம், 996 சீசீ, ரேர்போ மட்டும் இல்லை. 69 குதிரை. ஐந்து பேருக்கு ஐந்து பெல்ற். ரயர் 165/65 ஆர் 14, கடைக்காரர் கண்ணுக்கு முன்னால் கிடக்கு என்று காட்டிய கூட்டம். 2017 வண்டி, 67 லட்சம் கேட்டார்கள், 65க்கு இறங்கினார்கள்.

நில உயரம் 150. ரொக்கியோடு வித்தியாசம் 35 மில்லிமீற்றர். விலை வித்தியாசம் 23 லட்சம்.

ஓட்டம் சொல்லும்படியாக இல்லை. ஐந்து பேரோடு ஏசியும் போட்டால் ஏற்றத்தில் முனகும். வன்னியில் ஏற்றம் எங்கே இருக்கிறது? ஆனையிறவு வெளியில் காற்றுக்கு எதிரே 70இல் போனால் போதும் எங்களுக்கு. டிக்கி சின்னன், இரண்டு மூட்டை வைத்தால் மூடாது. நெல்லுக்கு இரண்டு சில்லு ரக்ரர், லாண்ட்மாஸ்ரர் இருக்கிறது.

அம்மாதான். இருக்கை தாழ்வு. இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு "ஐயோ முருகா" என்றா. பார்த்துக்கொண்டு நின்ற கராஜ்காரர், முன் இருக்கைக்கு நல்ல தடித்த ரபர் குஷன் ஒன்று அடித்துத் தாறன் என்கிறார். ரொக்கி மாதிரி வராது. இந்தக் கணக்கில் பசோ தோற்றது தோற்றதுதான், 23 லட்சத்துக்காக அம்மாவை ஒவ்வொரு கிளினிக்குக்கும் கொஞ்சம் நோகவைக்கப் போகிறோம். இரவு அதைப் பற்றித்தான் கனநேரம் கதைத்தோம். கடைசியில் அம்மாவே, "ஓட்டோவிலும் பாக்க நல்லம்தானே, உந்தக் கடனை ஆர் கட்டுறது" என்று முடித்துவிட்டா.

செப்ரெம்பர் 30, செவ்வாய்

பசோவுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று முந்தின லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் கிடக்கிறது. அதை நீக்கிய பிறகுதான் மிச்சக் காசு. கம்பளத்தைத் தூக்கி இருக்கை ஆணிகளில் கறள் இருக்கிறதா என்றும் பார்த்தோம், வெள்ளம் கண்ட வண்டி இல்லை.

அண்ணைக்குக் கொஞ்சம் மனவருத்தம். "நான் ஜீப்புக்கல்லோ காசு தாறன் எண்டனான்" என்றார். புது ரைஸ் ஹைபிரிட்டையே எடுத்திருக்கலாம், லீற்றருக்கு 28 கிலோமீற்றர் ஓடுமே என்றும் சொன்னார். அது ஜப்பான் சோதனைக் கணக்கு. அதே ஹைபிரிட்டின் பக்கவாட்டு மோதல் சோதனையில் பத்திரம் மாற்றி எழுதியதை 2023 மே மாதம் டைஹட்சுவே ஒப்புக்கொண்டதை நான் அவருக்கு வாட்ஸப்பில் போட்டேன். நீலச் சரி விழுந்தது, பதில் இல்லை.

துணுக்காய், ஐயன்கன்குளம் பக்கம் இருக்கும் சிநேகிதர் ஒருவர் இதை வாசித்துவிட்டுத் தானும் பசோ எடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவருக்குத் தாருக்கும் வீட்டுக்கும் இடையில் கிடப்பது முழுக்கக் காட்டுக் கிறவல், நாலு ரிப்பரால் தீராது. அவருக்குப் பதினாறு அங்குலச் சில்லு ரொக்கிதான் சரி, அதுவும் 85க்குக் கீழே இறங்கினால். கிளிநொச்சி உத்தியோகத்தரின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அடியில் ஒரு கீறல் இருக்கிறது, அது யாரால் என்றும் சொல்லிவிட்டேன்.