பிரவுசரிலேயே பிஎல்சி: பீன்யா பம்ப் பேனலில் ஓபன்பிஎல்சி போட்ட அனுபவம்

கீழே சம்ப், மேலே தொட்டி, நடுவில் ஒரு த்ரீ ஃபேஸ் மோட்டார். பெங்களூரு பீன்யாவில் ஒரு பட்டறையின் தண்ணீர் பேனலை ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டில், அதை பிஎல்சி-யாக (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கன்ட்ரோலராக) மாற்றும் ஓபன்பிஎல்சி மென்பொருளைப் போட்டு ஓட்டுகிறோம். ப்ரோகிராம் ஏற்றுவது, ஸ்டார்ட், ஸ்டாப், கண்காணிப்பு எல்லாமே பிரவுசரில்தான். விண்டோஸ் மென்பொருள், லைசென்ஸ், ப்ரோகிராமிங் கேபிள் என்று அலைய வேண்டியதில்லை. கையில் எந்த லேப்டாப் இருந்தாலும் போதும். நேரத்தைத் தின்பது பிரவுசர் பக்கம் அல்ல. வயரிங், நெட்வொர்க், கரன்ட் போய் வருவது, இந்த மூன்றும்தான்.

நிறுவுவது எளிது. கிட்ஹப்பிலிருந்து ஓபன்பிஎல்சி வி3-ஐ இறக்கி, இன்ஸ்டால் ஸ்கிரிப்டை ‘ஆர்பிஐ’ ஆப்ஷனோடு ஓட்டி ரீபூட் செய்தால் ரன்டைம் (ப்ரோகிராமை ஓட்டும் பகுதி) தானாக எழுந்துவிடும். பையின் ஐபி முகவரியை ரவுட்டரிலேயே நிரந்தரமாக ஒதுக்கிவிட்டு, 8080 போர்ட்டில் திறக்க வேண்டும். யூசர்நேம், பாஸ்வேர்ட் இரண்டுமே ‘ஓபன்பிஎல்சி’. யூசர்ஸ் பக்கத்தில் அதை உடனே மாற்றுங்கள். அடுத்து ஹார்ட்வேர் பக்கத்தில் ராஸ்பெர்ரி பையைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். இதை விட்டால் ப்ரோகிராம் ஏறும், டேஷ்போர்டும் ஓடுவதாகவே காட்டும், ஆனால் ஒரு பின்னும் அசையாது.

இனி வயரிங். பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பேனலில் இருப்பதோ 24 வோல்ட். நடுவில், சிக்னலை ஒளி வழியே கடத்தி இரண்டு பக்கத்தையும் பிரித்து வைக்கும் பிசி817 ஆப்டோகப்ளர் வைத்தோம். பெங்களூரு எஸ்பி ரோட்டில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். அதன் எல்இடி பக்கம் 2.2 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டால் ஏறக்குறைய 10 மில்லிஆம்ப் ஓடும், ரெசிஸ்டரில் கால் வாட் எரியும். கால் வாட் ரெசிஸ்டர் அந்த எல்லையிலேயே சூடாகி நிற்கும். 4.7 கிலோஓம் போட்டால் 5 மில்லிஆம்புக்குச் சற்றுக் குறைவு, 0.11 வாட், அதுவே போதும். அதன் அவுட்புட் பக்கம் கலெக்டரை 3.3 வோல்ட்டுக்கும், எமிட்டரைப் பின்னுக்கும் கொடுத்து, பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம் போடுங்கள். பைக்குள்ளேயே இருக்கும் புல்டவுன் (சிக்னல் இல்லாதபோது பின்னைப் பூஜ்யத்தில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) 50 கிலோஓம் அளவில்தான். கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரன்ட் விடும் பெரிய சுவிட்ச்) அடிக்கும் பேனலில் அதை மட்டும் நம்பினால் இல்லாத சிக்னல் வரும்.

ப்ரோகிராமில் பின்களுக்கு முகவரி உண்டு: %ஐஎக்ஸ் என்றால் இன்புட், %க்யூஎக்ஸ் என்றால் அவுட்புட். இன்புட் %ஐஎக்ஸ்0.0, %ஐஎக்ஸ்0.1 இரண்டையும் தொடாமல் விடுங்கள். அவை பையின் ஜிபிஐஓ 2, 3 பின்கள். பின்னை 3.3 வோல்ட்டுக்கு இழுக்கும் 1.8 கிலோஓம் புல்அப் போர்டிலேயே உண்டு. வயர் கழன்றாலும் ‘ட்ரூ’ என்றே படிக்கும். எங்கள் இன்புட்கள் %ஐஎக்ஸ்0.2-லிருந்து தொடங்குகின்றன. அவுட்புட்டிலும் அப்படித்தான். %க்யூஎக்ஸ்0.0 என்பது ஜிபிஐஓ 14, அதாவது சீரியல் போர்ட்டின் டிஎக்ஸ் (டேட்டா அனுப்பும் பின்). சீரியல் கன்சோல் ஆனில் இருந்தால் பை பூட் ஆகும்போது எழுத்துகள் அந்தப் பின் வழியே போகும், ரிலே கடகடவென்று அடிக்கும். கன்சோலை அணைத்த பிறகும் மோட்டாரை அந்த முகவரியில் வைக்கவில்லை, %க்யூஎக்ஸ்0.2-ல் வைத்தோம்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் நீல ரிலே போர்டுகள் பெரும்பாலும் ஆக்டிவ் லோ. ப்ரோகிராம் ‘ஃபால்ஸ்’ எழுதினால் ரிலே ஆன் ஆகும். போதாக்குறைக்கு 5 வோல்ட் போர்டுக்கு 3.3 வோல்ட் சிக்னல் கொடுத்தால் சில சமயம் முழுதாக ஆஃபும் ஆகாது. பம்ப் பேனலுக்கு அது வேண்டாம். யூஎல்என்2803 ஐசி வழியாக 24 வோல்ட் ரிலேவை ஓட்டுங்கள். அதன் காமன் பின்னை 24 வோல்ட்டில் இணைத்தால் ஃப்ளைபேக் டயோடும் (ரிலே அணையும்போது எழும் வோல்ட்டேஜை அடக்குவது) உள்ளேயே கிடைத்துவிடும். எமர்ஜென்சி ஸ்டாப்பும் ஓவர்லோட் ரிலேவும் (மோட்டார் அதிகக் கரன்ட் இழுத்தால் துண்டிப்பது) கான்டாக்டர் காயில் வயரிலேயே நேராக உட்கார வேண்டும். பை தொங்கிப் போனாலும் அந்தப் பொத்தானை அமுக்கினால் மோட்டார் நின்றாக வேண்டும்.

ப்ரோகிராமை ஓபன்பிஎல்சி எடிட்டரில் லேடராக (ஏணி போன்ற சர்க்யூட் படமாக) வரையலாம், ஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்டாகவும் (எழுத்து வடிவக் கோடாகவும்) எழுதலாம். பிரவுசரில் ஏற்றுவது ஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட் கோப்பைத்தான். ஸ்டாப் பொத்தான் நார்மலி குளோஸ்டு (அமுக்காதபோது சிக்னல் தருவது) என்பதால், ரங்கில் (லேடரின் ஒரு படியில்) அதை நார்மலி ஓபன் கான்டாக்டாக (சிக்னல் இருந்தால் மட்டும் வழி விடுவதாக) போட வேண்டும். வயர் அறுந்தாலும் மோட்டார் நிற்கும். தண்ணீர் மட்டத்தைக் காட்டும் ஃப்ளோட் சுவிட்சை நேராக எடுக்காதீர்கள். தண்ணீர் அலையில் அது படபடக்கும், கான்டாக்டரும் கூடவே படபடக்கும். 3 வினாடி டிஓஎன் டைமர் (சிக்னல் அவ்வளவு நேரம் தொடர்ந்து இருந்தால்தான் ஏற்பது) வழியாக எடுத்தால் அடங்கிவிடும். ட்ரை ரன் (தண்ணீரில்லாமல் பம்ப் ஓடுவது) பாதுகாப்புக்கு இன்னொரு டிஓஎன்: மோட்டார் ஓடி 15 வினாடிக்குள் ஃப்ளோ சுவிட்ச் வராவிட்டால் ட்ரிப், கையால் ரீசெட் செய்தால்தான் மறுபடி ஓடும்.

ப்ரோக்ராம்ஸ் பக்கத்தில் கோப்பை ஏற்றியதும் பையிலேயே கம்பைல் நடக்கும், பொறுமை வேண்டும். செமிகோலன் பிழையை அதுவே காட்டிக் கொடுக்கும். புரியாமல் நிற்க வைப்பவை வேறு: ஐஎன்டி (முழு எண்) மாறியை ரியலில் (தசம எண்) மாற்றாமல் போடுவது, ஃபங்ஷன் பிளாக்குக்குள் பின் முகவரி எழுதுவது, மாறிக்குத் தமிழில் பெயர் வைப்பது. கையால் எழுதுபவர்கள் கடைசியில் கான்ஃபிகரேஷன் பகுதியை மறந்துவிடுவதும் உண்டு. டாஸ்க் இன்டர்வல் (ப்ரோகிராம் ஒவ்வொரு சுற்றும் ஓடும் இடைவெளி) 20 மில்லிவினாடி. தண்ணீர் வேலைக்கு அது தாராளம். வேகமான மோஷன் வேலைக்கு இந்த அமைப்பை நான் சொல்ல மாட்டேன்.

மானிட்டரிங் பக்கம் ‘ஏடி’ முகவரி கொடுத்த மாறிகளை மட்டும்தான் காட்டும். ரங்கில் எது வரை பவர் வந்திருக்கிறது என்று பார்க்க வழியில்லை. ஆகவே ட்ரிப், டைமர் முடிந்தது போன்ற உள் நிலைகளையும் வயர் போடாத ஒரு %க்யூஎக்ஸ் முகவரியில் எழுதி வைத்தோம். இந்தப் பக்கம் உள்ளுக்குள் மோட்பஸ் டிசிபி (கன்ட்ரோலர்கள் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் முறை) வழியாகத்தான் படிக்கிறது; செட்டிங்ஸில் மோட்பஸை அணைத்தால் லைவ் மதிப்புகள் வராது.

பெரிய பிஎல்சிகளில் பழகியவர்கள் எதிர்பார்க்கும் ஆன்லைன் சேஞ்ச் (ஓடும்போதே ப்ரோகிராமை மாற்றுவது) இதில் இல்லை. ஒரு டைமர் மதிப்பை மாற்றுவதற்கும் நிறுத்தி, ஏற்றி, மீண்டும் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அடிக்கடி மாறும் மதிப்புகளை %எம்டபிள்யூ என்ற நினைவக முகவரியில் வைத்துவிடுங்கள். மோட்பஸில் அது 1024-வது ஹோல்டிங் ரெஜிஸ்டரிலிருந்து தொடங்கும், ஓடும்போதே எழுதலாம். ஸ்லேவ் டிவைஸ் (மோட்பஸ் வழியே இணைக்கும் கூடுதல் இன்புட், அவுட்புட் கருவி) சேர்த்தால் அதன் முகவரிகள் %ஐஎக்ஸ்100.0, %க்யூஎக்ஸ்100.0 என்று ஆரம்பித்து வரிசையாகப் போகும். முதல் ஸ்லேவில் ஒரு இன்புட் கூட்டினால் அடுத்த ஸ்லேவின் இன்புட் முகவரிகள் எல்லாம் நகர்ந்துவிடும். முதலிலேயே எட்டு எட்டாக ஒதுக்கி வைப்பது நல்லது.

கரன்ட் போய் வரும் இடத்தில் மெமரி கார்டுதான் முதலில் சாகும். சின்ன யூபிஎஸ் போட்டோம். பையின் செட்டிங்ஸ் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தையும் (மாற்றங்களைக் கார்டில் எழுதாமல் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைப்பது) ஆன் செய்தோம். அது ஆனில் இருக்கும்போது ஏற்றும் ப்ரோகிராம் அடுத்த ரீபூட்டில் காணாமல் போய் பழையதே திரும்பி ஓடும். ஓவர்லேயை அணைத்து, ரீபூட் செய்து, ப்ரோகிராம் ஏற்றி, மறுபடி ஆன் செய்வதுதான் முறை. கரன்ட் வந்ததும் தானாக ஓட வேண்டுமென்றால் செட்டிங்ஸில் ஸ்டார்ட் இன் ரன் மோடைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஃபோனில் வீட்டிலிருந்து பார்க்கலாமே என்று ரவுட்டரில் 8080-ஐத் திறந்துவிடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். பக்கம் எச்டிடிபி-தான், பாஸ்வேர்ட் மறைவில்லாமல் போகிறது. வி3-யின் ஹார்ட்வேர் பக்கத்தில் உள்ள கோட் பெட்டி வழியாக லாகின் ஆன ஒருவர் பையில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம் என்பது சிவிஇ-2021-31630 என்ற எண்ணில் பாதுகாப்புக் குறையாகப் பதிவாகியிருக்கிறது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் அலிகிப்பா நகரத் தண்ணீர் வாரியத்தில் யூனிட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பிஎல்சிக்குள் ஆள் நுழைந்தார்கள். அந்தத் தாக்குதல்களைப் பற்றிய எச்சரிக்கையில் அமெரிக்க அரசு சுட்டிக்காட்டியதும் இணையத்துக்குத் திறந்து கிடந்த கன்ட்ரோலர்களையும் மாற்றாத பாஸ்வேர்டுகளையும்தான். தொலைவிலிருந்து பார்ப்பதற்கு வயர்கார்ட் விபிஎன் (இணையத்தின் வழியே பூட்டிய தனிப் பாதை) போடுங்கள், 8080 அதற்குள் மட்டும் தெரியட்டும். மோட்பஸின் 502 போர்ட்டில் பாஸ்வேர்டே கிடையாது. அது பேனல் நெட்வொர்க்கைத் தாண்டக் கூடாது, ஆபீஸ் வைஃபைக்குக்கூட.