மோயிங்ஜி ஏரியில் நீலச்சிறகி தேடிய கதை

முதல் தடவை நவம்பரில் போனேன். பர்மாவில் பெகு நகரில் சித்தப்பா வீட்டில் தங்கி, இருட்டோடு கிளம்பி, விடியும்போது மோயிங்ஜி ஏரிக்கரையில் நின்றேன். கால்வாய்க்குத் தண்ணீர் தேக்க 1878-இல் அமைத்த நீர்த்தேக்கம் அது, 1988-இல் சரணாலயமானது. படகு மோட்டார் சத்தத்துக்கே வாத்துகள் கூட்டம் கூட்டமாக எழும்பிவிட்டன. தண்ணீரில் மிச்சம் இருந்தவை எல்லாம் ஒரே பழுப்பு. நான் தேடிப்போன நீலச்சிறகி ஒரு சின்ன வாத்து; ஆணுக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் இருக்கும் என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். ஒரு புருவம்கூட அகப்படவில்லை.

திரும்பி வந்து தேடிப் படித்தேன். குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் ஆண் வாத்துகள் இறகு உதிர்த்து, பெட்டையைப் போலவே மங்கிப்போகும். மற்ற வாத்துகள் பலவும் சீக்கிரமே பழைய நிறத்துக்கு வந்துவிட, நீலச்சிறகி குளிர்காலத்தில் பாதிக்கு மேல் அந்த மங்கலிலேயே கழிக்கும். ஆனால் ஆணின் சிறகு முன்பகுதியில் உள்ள சாம்பல் நீலம் அப்போதும் மாறாது. அடையாளத்தை நம் தமிழ்ப் பெயரே சொல்லிவிடுகிறது! அதாவது, பறக்கும்போது பார்க்க வேண்டும்.

டிசம்பரில் படகுக்காரரிடம் மோட்டாரை அணைத்துவிட்டுக் கழியால் தள்ளச் சொன்னேன். தாமரை இலைகளுக்கு நடுவே சத்தமில்லாமல் நுழைந்தோம். மேலே சன்னமாக ஒரு விசில் கேட்டதும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "சிஸ்ஸலி" என்றார் அவர். நம் சீழ்க்கைச் சிறகி வாத்துகள்தான். கழுத்தைச் சற்றுத் தொங்கவிட்டுப் பறந்தன. அப்புறம் வலப்பக்கம் முப்பது, நாற்பது சின்ன வாத்துகள் ஒன்றாகத் திரும்பின. வெயில் பட்டதும் சிறகுகளில் அந்த நீலம். கை நடுங்கி பைனாகுலரை இறக்கிவிட்டேன்.

பிப்ரவரிக் கடைசியில் மூன்றாம் பயணம். ஊசிவால் வாத்துகள் தலையை முக்கி வாலை நிமிர்த்தி மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் ஓரத்தில் ஒரு நீலச்சிறகி ஆண். காப்பிக்கொட்டை நிற முகம், கண்ணுக்கு மேலே தொடங்கிப் பிடரிவரை வளைந்து இறங்கும் வெள்ளைப் புருவம். அலகைத் தண்ணீரோடு தண்ணீராக வைத்துச் சலித்துக்கொண்டே வந்து, ஒரு தாமரை இலையைச் சுற்றிப் போனது. ஐந்து நிமிடம் இருக்கும்.

பெகுவின் சின்னமான ஹின்தா, நாம் அன்னம் என்று சொல்கிற அந்தப் பறவை, சக்கரவாகம் என்ற வாத்துதான் என்கிறார்கள். வரும் குளிரில் அதைப் பார்க்க ஐராவதி ஆற்றின் மணல் திட்டுகளுக்குப் போக வேண்டும். சித்தப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.