லீட்ஸில் இருபது நிமிடம்

சீனாவின் சுவான்ஜோ துறைமுகத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டைப் பற்றித்தான் என் ஆய்வில் ஒரு பகுதி. அதை எடுத்துக்கொண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நடக்கும் சர்வதேச இடைக்கால ஆய்வு மாநாட்டுக்குப் போகலாமா என்று 2022 ஆகஸ்டில் பல நாள் யோசித்தேன். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய மடங்கள், இலத்தீன் சுவடிகள், சிலுவைப் போர்கள் என்று வேலை செய்பவர்கள். என் கைடு மேடம் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "300லிருந்து 1500 வரைக்கும்னு அவங்களே போட்டிருக்காங்க. உன் கல்வெட்டு 1281. அனுப்பும்மா."

லீட்ஸ் பல்கலைக்கழகம் 1994 முதல் இதை நடத்துகிறது. ஜூலை முதல் வாரத்தை ஒட்டி நான்கு நாள். இரண்டாயிரம் பேருக்கு மேல் வருவார்கள். அமெரிக்காவில் கலமசூ நகரில் மே மாதம் நடப்பது இதைவிட மூத்தது, 1962இல் தொடங்கியது. எனக்கு லீட்ஸ் பொருந்தக் காரணம், 2023க்கு அவர்கள் எடுத்திருந்த மையப்பொருள் 'வலைப்பின்னல்களும் பிணைப்புகளும்'. கடல் வணிகம் பற்றிப் பேச இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

தனிக் கட்டுரைக்கு ஆகஸ்ட் 31 கடைசி நாள். மூன்று பேர் சேர்ந்து ஓர் அமர்வாகவே அனுப்பினால் செப்டம்பர் 30 வரை நேரம் உண்டு. நான் தனியாக அனுப்பினேன். தனிக் கட்டுரைகளை அவர்களே ஒன்று சேர்த்து அமர்வாக்குகிறார்கள். பக்கத்தில் யார் உட்காருவார் என்பது நம் கையில் இல்லை. முடிந்தால் இரண்டு பேரைப் பிடித்து அமர்வாகவே அனுப்புங்கள். விண்ணப்பிக்கும்போதே நிதி உதவிக்கும் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டிருந்தால் நான் போயே இருக்க முடியாது.

ஏற்பு வந்தபிறகுதான் பாடு. எங்கள் பல்கலைக்கழகத்தில் என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) கேட்டுப் போட்ட கோப்பு ஒரே மேசையில் 23 நாள் கிடந்தது. தினமும் போய் நின்றேன். ஆய்வு மாணவர் வெளிநாட்டில் கட்டுரை படிக்கப் போவதைச் சலுகை மாதிரி நடத்துகிற வழக்கம் மாறவேண்டும். இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. விசாவுக்கு அப்போது 100 பவுண்டு. பயணத்துக்கு மூன்று மாதம் முன்னால்தான் விண்ணப்பிக்க முடியும், முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்புக் கடிதம், நிதி உதவிக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், திரும்பி வந்து சேரும் தேதியோடு துறைத்தலைவர் கடிதம், இவற்றோடு எந்தச் செலவை யார் தருகிறார்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதி மேலே வைத்தேன். பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது பயணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

அதற்குள் கட்டுரையோடு பெரிய போராட்டம். ஒன்றரை மணி நேர அமர்வில் மூன்று பேர், ஆளுக்கு இருபது நிமிடம். வீட்டில் அம்மாவை எதிரில் உட்காரவைத்துப் படித்துப் பார்த்தேன். 34 நிமிடம் ஓடியது. சோழர் கடல் வணிகம், ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு, நாகப்பட்டினம் என்று முன்கதையே பாதியைத் தின்றிருந்தது. "அந்தக் கல்லு எப்பதான் வரும்?" என்று அம்மா கேட்டார். அன்றிரவே முன்கதையை முழுக்க வெட்டினேன். மார்கோ போலோ சைத்தூன் என்று எழுதிய துறைமுகம்தான் இந்தச் சுவான்ஜோ; அவர் நம் பாண்டிய நாட்டுத் துறைமுகமான காயலைப் பற்றியும் எழுதியிருக்கிறார். லீட்ஸில் மார்கோ போலோவை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டாம். அங்கிருந்து தொடங்கி, இரண்டாவது நிமிடத்தில் கல்லைத் திரையில் காட்டிவிட்டேன்.

கல் சொல்வது இதுதான்: சக ஆண்டு 1203 (அதாவது கி.பி. 1281), சித்திரை மாதம். செகசை கானின் "திருமேனிக்கு நன்றாக" திருக்கதலீசுவரம் உடைய நாயனார் என்ற சிவனை எழுந்தருளச் செய்தவர் தவச்சக்கரவர்த்திகள் என்ற சம்பந்தப் பெருமாள். செய்தது கானின் "பர்மான்படி". அடியில் ஒரு வரி சீனம். மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் சீனாவை ஆண்ட காலம் அது; செகசை கான் அவர்தானா என்பதில் இன்னும் விவாதம் உண்டு. நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இந்தக் கல்வெட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் புதிதாகச் சொல்ல வந்தது கடைசிச் சொல்லைப் பற்றி. பர்மான் என்பது அரசாணையைக் குறிக்கும் பாரசீகச் சொல். அதோடு நம் 'படி' எத்தனை இயல்பாக ஒட்டியிருக்கிறது பாருங்கள். சட்டப்படி, வழக்கப்படி என்பதுபோலப் பர்மான்படி. வாயில் புழங்காத சொல்லோடு ஒட்டு இப்படிச் சேராது.

செவ்வாய்க்கிழமை மதியம் 2:15 அமர்வு. அறையில் 17 பேர். கல்வெட்டு வரிகளையும் மொழிபெயர்ப்பையும் ஒரு தாளில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்திருந்தேன்; நீங்களும் கட்டாயம் செய்யுங்கள். திரையில் ஸ்லைடு மாறிவிடும், தாள் கையில் இருக்கும். 19 நிமிடத்தில் முடித்தேன்.

முதல் கேள்வி பின்வரிசையிலிருந்து வந்தது. மங்கோலியர் கால ஆவணங்களைப் படிக்கிற ஒரு பெண்மணி. "அரசாணைக்குத் தமிழில் சொல் இல்லையா?" உண்டு, சோழர் கல்வெட்டுகளில் ஓலை, திருமுகம் என்று வரும் என்றேன். "அப்படியானால் அதை விட்டுவிட்டு ஏன் இதை எழுதினார்?" அந்த இடத்தில் என்னிடம் முழுப் பதில் இல்லை. யோசிக்க வேண்டும் என்று நேராகவே சொன்னேன். அமர்வுத் தலைவர் அடுத்த கேள்விக்குப் போனார். பரவாயில்லை, அங்கே அது தவறாகப் படுவதில்லை.

அமர்வு முடிந்ததும் அந்தப் பெண்மணி என் இருக்கைக்கே வந்தார். என் தாளின் ஓரத்தில் அந்தச் சொல்லை வலமிருந்து இடமாக எழுதிக் காட்டினார். யுவான் என்ற மங்கோலிய அரசமரபு ஆண்ட சீனாவில் வெளிநாட்டு வணிகர்களுக்குள் பாரசீகம் பொதுமொழியாகப் புழங்கியது. பர்மான் என்றால் வெறும் கட்டளை மட்டும் ஆகாது, கையில் வைத்துக் காட்டக்கூடிய அனுமதிப் பத்திரமாகவும் இருக்கும் என்றார். அப்படியானால் சம்பந்தப் பெருமாள் 'திருமுகம்' என்று எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அவர் கையில் இருந்தது திருமுகம் அல்ல. அந்தத் துறைமுகத்தில் எல்லோரும் ஒரே பெயரில் சொன்ன பத்திரம் அது.

புத்தகச் சந்தைக்குப் போக நினைத்திருந்தேன். அன்று மாலை போகவில்லை. விடுதி அறையில் உட்கார்ந்து, அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன்.