டெங்கு ஒருக்கா வந்தவருக்கு இன்னொருக்கா வருமா?

மாரி தொடங்கினால் கல்லடியிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் இந்தக் கதையைக் கேட்கலாம்: "அப்பாவுக்கு முந்தியே டெங்கு வந்து மாறினது, இனிப் பயமில்லை." சிக்குன்குன்யா என்றால் அது பெரும்பாலும் சரி. டெங்குக்குச் சரிவராது.

காரணம் மறதி அல்ல: வயது போனால் உடம்பு பழைய வைரசுகளை மறந்துவிடும் என்பதில்லை. 1781இல் ஃபாரோ தீவுகளில் சின்னமுத்து வந்து மாறியவர்களை, 1846இல் அது திரும்பப் பரவியபோதும் தொடவில்லை. இடையில் 65 வருஷம். என்பு மச்சையில் நெடுங்காலம் வாழும் பிளாஸ்மா கலங்கள், கிருமியை முடக்கும் பிறபொருளெதிரிகளைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. முதுமையில் தளர்வது புதியதைப் பழகும் திறன்: நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பி சுருங்கிவிடுவதால், அதில் முதிரும் டி கலங்கள் எனும் நோயெதிர்ப்புக் கலங்கள் புதிதாக உருவாவது குறைவு. (டி கலங்களின் பழைய காவலும் சிலருக்குத் தளரும். கொப்புளிப்பான் வைரஸ் அக்கியாக வெளிவருவது அப்போதுதான்.)

டெங்குவில் சிக்கல் வேறு. வைரஸ் 4 வகை. வந்த வகைக்கு எதிரான காப்பு ஆயுளுக்கும் நிற்கும். மற்ற மூன்றுக்கும் சில மாதம்தான். அதற்குப் பிறகு மிஞ்சும் பிறபொருளெதிரி புது வகையை முடக்காமல் ஒட்டிக்கொண்டு, அது கலங்களுக்குள் நுழைய வழிவிடும். கியூபாவில் 1977இல் முதல் வகை பரவியது; 1997இல் சந்தியாகோ நகரில் இரண்டாம் வகை வந்தபோது கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அநேகமாக முன்பு டெங்கு கண்ட வளர்ந்தவர்கள். 20 வருஷத்துக்குப் பிறகும் அந்த நினைவு கெடுதல் செய்தது.

இரண்டாம் முறை பரிசோதனையும் ஏமாற்றும். என்எஸ்1 எனும் வைரஸ் புரதம் இரத்தத்திலிருந்து சீக்கிரம் மறைந்துவிடும், ஐஜிஎம் எனும் பிறபொருளெதிரி ஏறாமலே போகலாம். இரண்டும் 'இல்லை' என்று வந்தாலும் டெங்கு இல்லையென்று எண்ண வேண்டாம். காய்ச்சலின் மூன்றாம் நாளிலிருந்து எஃப்பிசி (முழு இரத்தக் கல எண்ணிக்கை) பார்க்க வேண்டும். பிளேட்லெட் இறங்க, ஹெமட்டோகிரிட் (இரத்தத்தில் செங்கலங்களின் வீதம்) ஏறினால், இரத்தக் குழாயிலிருந்து நீர்மம் கசியத் தொடங்குகிறது.

முதியவருக்குக் காய்ச்சல் பெரிதாகக் காயாமலும் இருக்கும். சோர்வு, தடுமாற்றம், சாப்பாடு வெறுத்தல் மட்டும் தெரியலாம். காய்ச்சல் விட்ட பிறகான 24 முதல் 48 மணித்தியாலம்தான் மோசமானது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், 6 மணித்தியாலம் சலம் போகாமை, கறுத்த மலம்: எது வந்தாலும் உடனே ஆசுபத்திரி. இரும்புச்சத்துக் குளிசை குடிப்பவருக்கு மலம் எப்போதும் கறுப்புத்தான், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நீராகாரம் நாளுக்குச் சுமார் 2500 மில்லிலீற்றர். 50 கிலோவுக்குக் குறைந்தவருக்குக் கிலோவுக்கு 50 மில்லிலீற்றர். ஜீவனி (உப்பு-சீனிக் கரைசல்), கஞ்சி, இளநீர் நல்லது. சிவப்பு, கபில நிறப் பானம் கொடுத்தால் வாந்தியில் இரத்தம் தெரியாது. இதய, சிறுநீரக நோயாளிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது: அளவை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், இளநீரில் பொட்டாசியமும் அதிகம். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராம் (ஒருமுறைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேற்படாமல்), 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. டைக்குளோபெனக், ஐபுபுரூபன் தொடவே கூடாது. இதயத்துக்கு அஸ்பிரின் குடிப்பவரென்றால், நிறுத்துவதா தொடருவதா என்று முதல் நாளே வைத்தியரிடம் கேளுங்கள். காய்ச்சல் விடும்வரை பார்த்திருக்க வேண்டாம்.