பெட்டை மயில் எதைப் பார்க்கிறது?

மே 30

கோடை மழை ரெண்டு பெய்ததுமே அகவல் தொடங்கிவிட்டது. களத்துமேட்டில் ஒருவன், தென்னந்தோப்பு ஓரம் ஒருவன், பாறைக்குழிப் பக்கம் ஒருவன் என்று ஆண் மயில்கள் இடம் பிடித்து நிற்கின்றன. அந்த இடங்களில் தீனியோ தண்ணீரோ கிடையாது. ஆண் கூடு கட்டாது, அடைகாக்காது, குஞ்சுக்கு இரை காட்டாது. பெட்டைக்கு அதனிடம் கிடைப்பது இணை சேர்வது ஒன்றுதான். ஆகவே அந்தத் தேர்வு எதை வைத்து நடக்கிறது என்பதே கேள்வி. இந்தப் பருவம் ஆணை விட்டுவிட்டுப் பெட்டையைக் கவனிப்பதாக இருக்கிறேன்.

ஜூன் 9

காலையில் களத்துமேட்டில் ஆட்டம். பெட்டை வந்ததும் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பின்பக்கத்துச் செம்பழுப்பு இறக்கைகள் படபடவென்று அடித்தன. அது கிட்டே வந்ததும் சட்டென்று திரும்பித் தோகை மொத்தத்தையும் அதன் முகத்துக்கு நேரே நிறுத்தினான். பெட்டையோ தரையில் எதையோ கொத்திக்கொண்டிருந்தது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது பாட்டுக்கு மேயுது கண்ணு, இவந்தான் ஆடிட்டுக் கெடக்கறான்."

அலட்சியம் போலத்தான் தெரிகிறது. பெட்டைகளின் தலையில் விழியசைவைப் பதியும் கருவியை மாட்டி, ஜெசிகா யோர்சின்ஸ்கி குழு 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆண் எதிரே ஆடும்போதும் பெட்டையின் பார்வை பெரும்பாலான நேரம் வேறெங்கோ இருந்தது. அவன்மேல் விழுந்த பார்வையும் தோகையின் கீழ்ப்பகுதி, கால், இறக்கை என்றே போனது. நாம் வாய்பிளந்து பார்க்கும் மேல் விசிறியை அது கிட்டத்தில் அதிகம் பார்க்கவே இல்லை. தூரத்திலிருந்து பெட்டையை வரவழைக்க மேல்பகுதி, வந்தபின் எடைபோடக் கீழ்ப்பகுதி என்பது ஒரு விளக்கம். எனக்கு அது சரியாகப் படுகிறது. புதர்க்காட்டில் முதலில் தெரிவது விசிறியின் விளிம்புதானே.

ஜூன் 22

இன்று முழுக்க வாசிப்பு. மயில் தோகை டார்வினைப் படுத்திய பாடு ஊரறிந்தது. ஓடவும் பறக்கவும் இடைஞ்சலான இந்தச் சுமையைப் பெட்டைகளின் தேர்வே வளர்த்தது என்று 1871-இல் எழுதினார். இயற்கைத் தேர்வை அவரோடு சேர்த்து முன்வைத்த வாலஸ் அதை ஏற்கவில்லை. பறவைக்கு அழகு பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தெரியுமா என்ற அந்தச் சண்டை நூறாண்டு தாண்டியது.

இங்கிலாந்தின் விப்ஸ்னேட் பூங்காவில் மரியன் பெட்ரி 1991-இல் கண்டது: தோகையில் கண்கள் அதிகமுள்ள ஆணுக்கே இணை அதிகம். அத்தகைய ஆண்களின் குஞ்சுகள் நன்றாக வளர்ந்து பிழைக்கின்றன என்று 1994-இல் இன்னொரு கட்டுரை. ஆனால் ஜப்பானில் மரிகோ தகாஹாஷி குழு ஏழு ஆண்டு பார்த்துவிட்டு, அப்படி எந்தத் தொடர்பும் இல்லை என்று 2008-இல் சொன்னது.

யார் சொல்வது சரி? ராஸ்லின் டாகினும் ராபர்ட் மாண்ட்கோமரியும் கண்களை ஒட்டுத்தாளால் மறைத்துப் பார்த்தார்கள். மறைத்த ஆண்களைப் பெட்டைகள் ஏறக்குறைய ஒதுக்கியே விட்டன. எண்ணிக்கையைவிட, கண்ணின் நீலப்பச்சைப் பகுதி எப்படி மின்னுகிறது என்பதே கணக்கில் வந்தது. நூற்றைம்பது கண்ணை நின்று எண்ணும் பெட்டையை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. மினுமினுப்பை நம்புகிறேன்.

ஜூலை 11

சாரலில் தென்னந்தோப்பான் நடுங்கினான். குளிரால் அல்ல. விரித்த தோகை சரசரவென்று மழைபோல் சத்தமிட்டது. பின்னாலிருக்கும் குட்டை வால் இறகுகள் நீண்ட பீலிகளில் மோத, நொடிக்கு ஏறக்குறைய 25 முறை தோகை அதிர்கிறது. வேடிக்கை என்னவென்றால், பீலி ஆடினாலும் அதிலுள்ள கண் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். கண்ணைச் சுற்றிய இழைகள் நுண்ணிய கொக்கிகளால் பின்னியிருப்பதே காரணம் என்று 2016-இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆடும் பின்னணியில் மிதக்கும் நீலப் புள்ளிகள்!

மேற்கே பழனிமலை மேகத்தில் மறைந்திருந்தது. பேகன் ஆண்ட நாடு. மயில் குளிரில் நடுங்குகிறது என்று போர்வையைக் கொடுத்தானே, அவன் பார்த்தது இதைத்தான் என்பது என் ஊகம். எதிரே பெட்டை ஒன்று நின்றிருக்கும், வள்ளல் கவனித்திருக்க மாட்டான்.

ஜூலை 19

மேகமூட்டம். ஆட்டம் மந்தம். வெயிலுள்ள நாளில் ஆண் சூரியனுக்குச் சற்று விலகிய கோணத்தில் நின்று, பெட்டையை நேர் எதிரே கொண்டுவரப் பார்க்கும். மினுமினுப்புக்கு வெளிச்சம் வேண்டுமே.

ஆகஸ்ட் 6

பாறைக்குழியானிடம் பெட்டை எதுவும் போவதே இல்லை. ஆனாலும் பெட்டைமேல் பாயும்போது மட்டும் வரும் அந்தக் கூவல் இன்று அங்கிருந்து கேட்டது. போய்ப் பார்த்தால் அவன் தனியாக நிற்கிறான். இந்தப் பொய்க்கூவலையும் டாகினும் மாண்ட்கோமரியும் எழுதியிருக்கிறார்கள். கேட்ட பெட்டைகள் உண்மையிலேயே எட்டிப்பார்க்கின்றனவாம். கூட்டமுள்ள கடைக்குத்தான் கூட்டம் சேரும்.

செப்டம்பர் 14

தோகை உதிர்கிறது. பீலி ஒன்றைக் கையில் சாய்த்துப் பார்த்தேன்: நீலம் பச்சையாகி, பிறகு மங்கிப்போனது. உள்ளே நீலச் சாயம் கிடையாது. மெலனின் என்ற கருநிறமியின் நுண்குச்சிகள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் இடைவெளியே நிறத்தை முடிவுசெய்கிறது. அடுக்கு கொஞ்சம் பிசகினாலும் நிறம் மாறும், ஆகவே இதை ஒப்பேற்றிக் காட்டுவது எளிதல்ல.

மொட்டை வாலோடு ஆண்கள் மூன்றும் இப்போது ஒன்றாக மேய்கின்றன, சண்டையே இல்லை. பெட்டை நான்கு குஞ்சுகளோடு தக்காளி வயலில் இறங்கியிருக்கிறது. நாளைக்கு வலை கட்ட ஆள் சொல்ல வேண்டும்.