நீங்க சொன்னா சரி, தம்பி

"அண்ணே, அது கிரீன்ஷாங்க் இல்ல, மார்ஷ் சாண்ட்பைப்பர். அலகைப் பாருங்க."

போன ஜனவரியில் கோடியக்கரை உப்பளக் கரையில், பறவை பார்க்க நான் கூட்டிவந்த ஆறு பேர் முன்னால், எங்கள் உள்ளூர் வழிகாட்டியிடம் நான் சொன்னது இது. "சரி தம்பி, நீங்க சொன்னா சரி" என்றார் அவர். நடந்தது இவ்வளவுதான். குரல் உயரவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது. எனக்கு மட்டும் அது இன்னும் அடங்கவில்லை. வண்டி ஓட்டும்போது வருகிறது, குளிக்கும்போது வருகிறது. வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று அந்த வாக்கியத்தையே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பறவை விஷயத்தில் நான் சொன்னது சரி. பாத்தி ஓரத்தில் கணுக்கால் தண்ணீரில் தனியாக நின்றது. ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத நீளத்தில் கால்கள், தையல் ஊசி மாதிரி மெல்லிய, நேரான அலகு. கிரீன்ஷாங்க் என்றால் ஆள் இன்னும் பருமன். அலகு அடியில் தடித்து, நுனி லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். இரண்டுக்கும் பச்சை சாயல் கால், இரண்டும் பறக்கும்போது முதுகில் வெள்ளை ஆப்பு தெரியும். குழப்பம் வருவது சகஜம். அன்று எடுத்த படத்தை இரவு லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. அந்தப் படத்தை அதற்கப்புறமும் எத்தனையோ தடவை திறந்துவிட்டேன். முதல் தடவையே தீர்ந்துபோன விஷயத்துக்கு ஏன் திரும்பத் திரும்பத் திறக்கிறேன் என்று தெரியவில்லை.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின், பறவைகளைப் பிடித்துக் காலில் அடையாள வளையமிடும் முகாமில் கூலிக்குச் சேர்ந்தவர். அமாவாசையை ஒட்டிய இருட்டில் சேற்றில் கழி நட்டு வலை கட்டுவது, விழுந்த பறவையை நூலிலிருந்து கால் ஒடியாமல் எடுப்பது, துணிப்பையில் போட்டுக் கொண்டுவருவது. வளையம் போடுகிறவர்கள் சொல்லும் ஆங்கிலப் பெயர்களைக் காதால் கேட்டே பிடித்துக்கொண்டவர். இன்றைக்கும் ஏதாவது ஒரு பறவையை விளக்கும்போது அவருடைய இடது கை தானாக அந்தப் பிடிக்குப் போகும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே கழுத்து, உள்ளங்கையில் முதுகு. கையில் பறவை இருக்காது, ஆனால் விரல்கள் ஒன்றைப் பிடித்திருக்கும். சேற்றிலும் கரையோரத் தண்ணீரிலும் மேயும் இந்த உள்ளான்களை நான் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒன்றின் எடை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அன்று காலை ஆறே கால் இருக்கும். பனி இறங்கி, வரப்பு முனைகூடத் தெரியாத நேரம். எங்கோ வலது பக்கத்திலிருந்து மூன்று சுரம் கேட்டது, கணீரென்று, ஒரே இடைவெளியில். "பச்சைக்காலி" என்றார், நடையை நிறுத்தாமலே. பனி விலகினதும் நின்றது பச்சைக்காலிதான், அசல் கிரீன்ஷாங்க். ஆறு பேரும் அவரைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. இப்படி ஒருவரோடு நடக்கத்தானே சென்னையிலிருந்து பணம் கட்டி வருகிறார்கள்.

அதற்கு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இது.

ஒரு விஷயம் எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அவர் முதலில் சொன்னதும் "பச்சைக்காலி"தான். அந்தப் பக்கத்துப் பேச்சில் உள்ளான் என்ற ஒரு சொல் ஒரு பெரிய கூட்டத்தையே அடக்கும். அதற்குள் கொசு உள்ளான் உண்டு, பொரி உள்ளான் உண்டு, காலை வைத்துப் பவளக்காலி, பச்சைக்காலி என்பதும் உண்டு. மார்ஷ் சாண்ட்பைப்பரைத் தமிழில் சிறு பச்சைக்காலி என்றுதான் நாங்களே எழுதுகிறோம். அப்படியானால் அவர் பச்சைக்காலி என்றதில் பெரிய பிழை ஏதும் இல்லை. ஆனால் நோட்டு வைத்திருந்த அம்மா ஆங்கிலப் பெயர் கேட்டதும் "கிரீன்ஷாங்க்" என்று அவரே சொன்னார். அது பிழைதான். இந்த இடத்துக்கு வந்ததும் என் பக்கம் மறுபடி பலமாகிவிடுகிறது.

பட்டியல் என்பது சாதாரண விஷயம் இல்லை. பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தில் நாங்கள் ஏற்றுவது அப்படியே பதிவாக நின்றுவிடும். கோடியக்கரை 1967-இல் சரணாலயமானது, 2002-இல் ராம்சார் தளம், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம் ஆனது. எது வருகிறது, எத்தனை வருகிறது என்று பல பத்தாண்டுகளாக எண்ணிக்கொண்டிருக்கும் இடம். முன்பு மாதிரிக் கூட்டம் வருவதில்லை என்று அவரே வருத்தப்படுவார். அப்படிப்பட்ட இடத்தில் தெரிந்தே தப்பான பெயரை எழுத விடலாமா? கூடாது என்றுதான் இப்போதும் சொல்வேன்.

ஆனால் அதே நாள் மதியம், தூரத்துச் சேற்றில் இருநூறுக்கு மேல் சின்ன உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தபோது, ஒன்றொன்றாகப் பார்க்காமல் மொத்தத்தையும் கொசு உள்ளான் என்று ஏற்றியவன் நான்தான். பசி, வெயில், எல்லாரும் வண்டிக்குத் திரும்ப ஆசைப்பட்டார்கள். அந்தக் கூட்டத்தில் வேறு எது இருந்திருந்தாலும் தவறவிட்டிருப்பேன். அது என்னைத் தூங்கவிடாமல் செய்யவில்லை. ஆகவே பதிவின் சுத்தத்துக்காகத்தான் பேசினேன் என்று முழு மனதோடு சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. டெலஸ்கோப்பைத் தூக்கி வருவது அவர், நிறுத்துவது அவர், பறவையை வட்டத்துக்குள் கொண்டுவருவது அவர். கொண்டுவந்ததும் ஒதுங்கி நின்று வழிவிடுவார். வந்தவர்கள் வரிசையாகப் பார்ப்பார்கள், கடைசியில் நான் பார்ப்பேன். அவர் முறை வருவதற்குள் பறவை போய்விடும். அன்றும் அப்படித்தான். அவர் பெயர் சொன்னது எதிர்வெயிலில், நூறு மீட்டருக்கு மேல், ஒரு பக்கம் மங்கிப்போன பழைய பைனாகுலரில் பார்த்து. நான் நாற்பது மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் கண்ணை வைத்துக்கொண்டு "அலகைப் பாருங்க" என்றேன். சொன்னேனே தவிர, நகர்ந்து இடம் விடவில்லை. இது எனக்கு நினைவுக்கு வர மூன்று மாதம் ஆனது.

"அண்ணே, நீங்களும் ஒரு தடவை பாருங்க" என்று விலகி நின்றிருக்கலாம். பார்த்ததும் அவரே மாற்றிச் சொல்லியிருப்பார், அதை நிச்சயமாகச் சொல்வேன். அவ்வளவு ஏன், பத்து வினாடி சும்மா இருந்திருந்தாலே போதும். கொஞ்ச நேரத்தில் பறவை எழும்பிப் போனது. போகும்போது "கியூ" என்று ஒற்றைக் குரல் கொடுத்தது. கிரீன்ஷாங்க்கின் மூன்று சுரம் இல்லை. காதால் வாழ்கிற மனிதர், அதைக் கேட்டதும் திருத்திக்கொண்டிருப்பார். ஆனால் குரல் கொடுத்தது உண்மையிலேயே நடந்ததா, அல்லது நடந்திருக்க வேண்டும் என்று நானாகச் சேர்த்துக்கொண்டேனா என்பது இப்போது உறுதியாகத் தெரியவில்லை. அன்றைய குறிப்பில் குரல் பற்றி ஒரு வரியும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் பெயர் சொல்வதை நிறுத்திவிட்டார். கோபமாக இல்லை. டெலஸ்கோப்பை வழக்கம்போல நிறுத்தினார், பறவையைக் காட்டினார். யாராவது என்னவென்று கேட்டால், "தம்பியைக் கேளுங்க, கரெக்டா சொல்லுவாரு." சாயங்காலத்துக்குள் எல்லாரும் என் பக்கமே திரும்பிக் கேட்கப் பழகிவிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் காலை காட்டுக்குள் போனோம். கஜா புயலில் சாய்ந்த மரங்களுக்கு நடுவே மறுபடி தழைத்த புதர்கள். ஒரு வளைவில் அவர் நின்றார். தலை லேசாகச் சாய்ந்தது. இடது பக்கப் புதர் ஒன்றையே பார்த்தார், அரை நிமிடம் இருக்கும். அவருடைய இடது கை விரல்கள் அந்தப் பிடிக்குப் போய்த் திரும்பின. நான் என்னவென்று கேட்பதற்குள், "வாங்க, வெயில் ஏறிடும்" என்று நடந்துவிட்டார். அந்தப் புதரில் என்ன இருந்தது?

ஊர் திரும்பியதும் கருத்துப் படிவங்கள் வந்தன. ஒருவர் எழுதியிருந்தார்: உள்ளூர் வழிகாட்டி நல்ல மனிதர், ஆனால் அடையாளம் காண்பதில் அவரை நம்ப முடியாது. இரண்டு நாளில் அவர் சொன்ன பெயர்கள் நாற்பதுக்குக் குறையாது, தவறியது ஒன்று. அந்த ஒன்றை எல்லாரும் கேட்கச் சுட்டிக்காட்டியது நான். அடுத்த சீசனுக்கு அவர் வேண்டுமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வேண்டும் என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன். வரப்பு வழி, தண்ணீர் எந்தப் பாத்தியில் நிற்கிறது, வனத்துறையில் யாரைப் பார்ப்பது என்று எல்லாம் அவருக்குத்தான் தெரியும் என்றேன். அப்புறம், விளம்பரத் தாளில் 'உள்ளூர்ப் பறவை நிபுணருடன்' என்ற வரியை 'உள்ளூர் வழிகாட்டியுடன்' என்று மாற்றலாமா என்று கேட்டார்கள். புகார் வராமல் இருக்கும், அவருக்கும் தொந்தரவு இல்லை என்றார்கள். நான் தலையாட்டினேன். அவருடைய வேலையைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் அன்று நினைத்தேன். இப்போதும் அது பொய்யில்லை. சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. அந்தத் தாளை அவருக்கு நான் இதுவரை அனுப்பவில்லை.

போன வாரம் அடுத்த ஜனவரிக்காக அவருக்குப் போன் போட்டேன். தண்ணீர் எப்படி, பூநாரை வந்துவிட்டதா என்று பேசினோம். வழக்கமான குரல்தான். எத்தனை பேர் என்று கேட்டார், எட்டு என்றேன். தேதி குறித்துக்கொண்டார். வைக்கும் முன் கேட்டார்: "தம்பி, பேரெல்லாம் நீங்களே சொல்லிடுறீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?"

"நீங்கதான் அண்ணே சொல்லணும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் காற்று மட்டும் இரைந்தது.

"சரி தம்பி" என்றார்.