மீன் ரத்தமா, மனுச ரத்தமா?

தொண்டிப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் கிடந்த கத்தியைப் பார்த்ததுமே ஏட்டையா முடிவு கட்டிவிட்டார். "மேடம், பக்கத்து வீட்டுப் பயதான். கத்தி முழுக்க ரத்தம்." கடற்கரையில் ரத்தம் படாத கத்தி எந்த வீட்டில் இருக்கிறது? தடயவியல் ஆளான நான் கறையில் பினாப்தலீன் சொட்டி, ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டேன். ரத்தம் என்றால் வரும் இளஞ்சிவப்பு வந்தது. ஏட்டையா சிரித்தார். மீன் ரத்தத்துக்கும் இதே நிறம்தான் என்றதும் சிரிப்பு போய்விட்டது. மனித ரத்தத்தோடு மட்டும் வினைபுரியும் சீரத்தை வைத்து ஆய்வகத்தில் பார்த்தார்கள். மனித ரத்தம் இல்லை.

அது மூன்றாவது சம்பவம். தனியாக இருக்கும் கிழவிகளை எவனோ இரவில் அடித்துப்போட்டு நகையைப் பறிக்கிறான். ஊர் மூன்று, ஸ்டேஷன் மூன்று, ஃபைலும் மூன்று; ஒரே ஆள் என்று யாரும் நினைக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது வீடுகளில் ஓட்டைப் பிரித்து இறங்கும்போது கை கிழிந்து ரத்தம் சிந்தியிருந்தான். இரண்டின் டிஎன்ஏவும் ஒன்று. பெயர் தெரியாது, முகம் தெரியாது, ஆனால் ஆள் ஒருவன்தான். பக்கத்து வீட்டுப் பையனுடையதோடு அது பொருந்தவில்லை.

இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் 1983-லும் 1986-லும் கொல்லப்பட்ட இரண்டு சிறுமிகளின் வழக்கை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இரண்டாவது கொலையை 17 வயதுப் பையன் ஒருவன் ஒப்புக்கொண்டேவிட்டான். டிஎன்ஏவை வைத்து ஆளை அடையாளம் காணும் முறையைக் கண்டுபிடித்த அலெக் ஜெஃப்ரிஸ் விந்துக்கறைகளை ஒப்பிட்டபோது, இரண்டும் ஒரே ஆளுடையவை, அந்த ஆள் இவன் இல்லை என்று தெரிந்தது. உண்மையான கொலைகாரனுக்கு 1988-ல் ஆயுள் தண்டனை. கொலை வழக்கில் டிஎன்ஏ முதலில் செய்த வேலை ஒருவனை வெளியே விட்டதுதான். எங்கள் ஆட்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது.

எங்கள் ஆள் வேறொரு திருட்டில் சிக்கினான். டிஎன்ஏ பொருந்தியது. இரண்டு வழக்கில் தண்டனை.

முதல் வழக்கு? அங்கேயும் ரத்தம் இருந்தது, ஒரு துண்டில். நான் வேலைக்குப் புதிது. நிழலில் காயவைத்துக் காகித உறையில் போட வேண்டியதை, அவசரத்தில் ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டிவிட்டேன். இந்தக் கடலோரப் புழுக்கம் சும்மா விடுமா? பூஞ்சை பூத்து, ஆய்வகம் போவதற்குள் டிஎன்ஏ சிதைந்துவிட்டது.

கோர்ட் வாசலில் அந்த ஆத்தா என்னைப் பார்த்தார். நெற்றித் தழும்பு இன்னும் கறுப்பாக இருந்தது.

"தாயி, அந்தத் துண்டுல ஒண்ணும் தெரியலையாம்ல?"

"ஆமா ஆத்தா" என்றேன். கவரைப் பற்றிச் சொல்லவில்லை.